திரையோரத்து வட்டம்

சுகாதார அதிகாரி தாளைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தார். நாலடி தள்ளி நின்றவள் கைகளை உயர்த்தினாள்.

காது கேளாதவர்களுக்காக அவர் பேசுவதைச் சைகையில் சொல்வது அவள் வேலை. தொலைக்காட்சியில் திரையோரமாக ஒரு சின்ன வட்டத்துக்குள் தெரிவாள். ஒளிப்பதிவு ஆட்கள் அவளுக்கு வைத்த பெயர் மூலைக்காரம்மா.

"தொற்று எதுவும் பரவவில்லை. பருவம் மாறும்போது வரும் சாதாரண இருமல்தான். வழக்கம்போல வேலைக்கும் பள்ளிக்கும் செல்லலாம்."

கேமராவுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். விளக்கைப் பிடித்திருந்தவர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் சலித்துக்கொண்டார். இருமலை வெட்டியெடுப்பதற்கே அவருக்குப் பாதி நாள் போய்விடுகிறது. அவர் புதியவர். பழையவர் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

இந்த வாராந்திர அறிவிப்பு தொடங்கிய முதல் மூன்று வாரம் அதிகாரி சொன்னதை அவள் அப்படியே சைகையில் சொன்னாள்.

நாலாம் வாரம், பதிவுக்குக் கிளம்பும்போது, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் தங்கை போன் செய்தாள்.

"அக்கா, வராண்டாலகூட படுக்க வைக்க இடமில்ல. டிவில நீ கையாட்டுறதப் பார்த்தா எனக்கு வயிறு எரியுது."

அன்றிலிருந்து அதிகாரியின் வாய் ஒன்று சொன்னது. அவள் கை வேறொன்று சொன்னது.

கூட்டத்துக்குப் போகாதே. மூக்கையும் வாயையும் மூடு. ஜன்னலைத் திறந்து வை. மூச்சு வாங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காதே.

அந்த அறையில் இருபது பேர் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

இன்று ஒன்பதாம் வாரம்.

பதிவு முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். அவளும் பையை எடுத்தாள்.

"நீங்க கொஞ்சம் இருங்கம்மா," என்றார் அதிகாரி.

வேலை போகும். வேலையோடு விட்டால் பரவாயில்லை. யார் காட்டிக்கொடுத்திருப்பார்கள்?

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். சட்டையில் மைக் இன்னும் இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றவில்லை. அதிகாரி அந்தப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு, அவளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

பிறகு அவருடைய கைகள் எழும்பின.

தடுமாற்றமே இல்லை. வகுப்புக்குப் போய்க் கற்ற கைகள் அல்ல அவை. வாய்ப்பேச்சு வருவதற்கு முன்பே, தொட்டிலிலிருந்தே கையால் பேசிப் பழகிய பிள்ளையின் கைகள்.

'என் அம்மா உங்களை மட்டும்தான் நம்புகிறாள்,' என்றன அவை. 'நிறுத்திவிடாதீர்கள்.'