நாற்காலிப் பெட்டிசம்

எங்கே தப்பாகச் சொல்லித் தொலைத்துவிடுவோமோ என்ற பயத்தில் சிவகாமசுந்தரி அதுவரை மூன்று தாளைக் கிழித்துப் போட்டிருந்தாள்.

தோட்டங்களைப் பார்வையிட வரும் நுவரெலியாப் பெரிய டாக்டருக்கு எழுதுகிற பெட்டிசம், அதாவது புகார் மனு. ஒரு சொல் கூடினால் வம்பு வளர்க்கிறாள் என்பார்கள். ஒரு சொல் குறைந்தால் விஷயமே விளங்காது. ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு இதெல்லாம் சுலபமா?

ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கொட்டகலைக் கடைவீதியில் அவளுடைய பட்டறையைத் தெரியாதவர்கள் இல்லை. புருஷன் போன பிறகு துணிக்கடையை மூடிவிட்டு, ஆண்டியப்பன் ஆசாரியை வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகளுக்கென்றே மரச்சாமான் செய்து விற்றாள். எல்லாம் இங்கிலீஷ் பத்திரிகைப் படத்தைப் பார்த்துச் செய்த புது மாதிரி. மூன்று வயதுப் பிள்ளை உட்கார்ந்தாலும் கால் தரையில் படும். மூலையெல்லாம் இடிக்காதபடி உருட்டிவிட்டது. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாம். மஞ்சளும் பச்சையும் அடித்து வாசலில் வைத்தால், பெரிய மனிதர்களே ஆசைப்பட்டு உட்கார்ந்து, எழும்ப முடியாமல் மாட்டிக்கொண்டதும் உண்டு.

இந்தப் பங்குனியில் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஆர்டர் வந்தது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவுக்குப் பன்னிரண்டு நாற்காலி, ஆறு கட்டில். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகளுக்கு இப்படி ஒன்று கிடைப்பதே பெரிது என்று, வழக்கத்தைவிட ஒரு பூச்சுக் கூடுதலாகவே அடித்து அனுப்பினாள்.

நேற்று அந்தப் பக்கம் போனவள் பெருமையோடு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

வெளியே விடாத மழை. உள்ளே ஈரச் சிமெந்தில் சாக்கை விரித்துப் பிள்ளைகள் சுருண்டு கிடந்தன. ஒன்று இருமி முடிக்க இன்னொன்று தொடங்கியது. நாற்காலி, கட்டில் ஒன்றையும் காணோம்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா ராக்காயியைத்தான் முதலில் பிடித்தாள். தூக்கிப் படுக்க வைக்கக்கூடச் சோம்பலா, உனக்கெல்லாம் மனசு இருக்கிறதா என்று வாய்க்கு வந்தபடி கேட்டாள்.

ராக்காயி பக்கத்து அறையைக் காட்டினாள். கதவில் பூட்டு.

பிறகுதான் விஷயம் வந்தது. தோட்டத்து ஆபீசான கந்தோரில் இருக்கும் பெரிய கிளாக்கரின் உத்தரவாம். பெரிய டாக்டர் பார்வையிட வரும் நாளில் மட்டும் கதவைத் திறக்க வேண்டும். பிள்ளைகளைக் கழுவித் துடைத்து நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். டாக்டரின் கார் திரும்பியதும் பிள்ளைகளை இறக்கிவிட்டு, நாற்காலியைத் துடைத்து உள்ளே வைத்துப் பூட்டிவிட வேண்டும்.

"ஏன்யா இப்பிடின்னு ஒருக்கா கேட்டேம்மா," என்றாள் ராக்காயி. "இப்பவே நாக்காலியில உக்காந்து பழகினா, நாளைக்கு எங்க முன்னால இதுக எப்பிடி நிக்கும்னாரு. இன்னொரு தரம் கேட்டா பேர் வெட்டிருவேன்னு சொல்லிப்புட்டாரு."

பேர் வெட்டினால் வேலை மட்டுமா போகும்? லயத்துக் காம்பராவும் போகும். படுத்த படுக்கையாகக் கிடக்கும் புருஷனைத் தூக்கிக்கொண்டு அவள் எந்த ரோட்டில் நிற்பாள்?

சிவகாமசுந்தரி அந்தப் பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்தாள்.

"நீ வாயத் திறக்காத. நான் கேக்குறேன். எனக்கென்ன பயம்? நான் என்ன அவருகிட்டப் பேர் போட்டு வேலைக்குப் போறவளா?" என்று சொல்லிவிட்டு வந்தவள்தான், இன்று காலையிலிருந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

ஆண்டியப்பன் இழைப்பதை நிறுத்திவிட்டுத் தொண்டையைச் செருமினார். பெட்டிசம் நுவரெலியாவுக்குப் போனாலும் விசாரணைக்கு அந்தத் தோட்டத்துக் கந்தோருக்குத்தான் திரும்பி வரும் என்றார். பெரிய கிளாக்கர் முதலில் பார்ப்பது அடியில் இருக்கும் பேரைத்தான். மற்ற நாலு தோட்டத்து ஆர்டரும் அந்த மனிதர் ஒரு வார்த்தை சொன்னால்தான் வரும்.

"பயமா இருந்தா போய் பெஞ்சுக்கடியில ஒளிஞ்சுக்குங்க ஆசாரியாரே."

"அங்கயும் நம்ம குட்டி நாற்காலிதான்மா அடுக்கிக் கிடக்கு. இடமில்ல."

சிவகாமசுந்தரி சிரிக்கவில்லை. பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாலாவது தாளை எடுத்தாள். இந்தத் தடவை கை நிற்கவில்லை. சுதந்திரம் வந்து ஏழு வருஷமாகியும் பச்சைப் பிள்ளை உட்காருவதைப் பொறுக்காத மனிதர்கள் இருக்கிறார்களே என்று எழுதினாள். கண்ணியம் பொருந்திய டாக்டர் ஐயா அவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் வந்து, அந்தப் பூட்டைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று முடித்தாள்.

சாயந்திரம் பிள்ளைகளைத் தாய்மாரிடம் ஒப்படைத்துவிட்டு, மழைக்குத் தலையில் போட்ட கொங்காணிச் சாக்கோடு ராக்காயி வந்து நின்றாள். சிவகாமசுந்தரி ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினாள்.

ராக்காயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்களுக்காகவும் கேக்க ஒரு ஆளு இருக்கீங்களேம்மா," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா இதால உங்களுக்கு ஒண்ணும் வந்துறாதே? தொழில் பண்றவங்க. எங்களால உங்களுக்குக் கெடுதல் வரக்கூடாதும்மா," என்றாள்.

"வராது ராக்காயி," என்றாள் சிவகாமசுந்தரி.

சொல்லிவிட்டு, கடை முத்திரைக்கு வைத்திருந்த மைப்பெட்டியைத் திறந்தாள். ராக்காயியின் இடது கைக் கட்டைவிரலைத் தானே பிடித்து மையில் தோய்த்து, தாளின் அடியில், தன் பேர் வரவேண்டிய இடத்தில் வைத்து அழுத்தினாள்.