மூலையில் எட்டு கெபாசிட்டர்கள்

“இதுல எங்க தப்பு இருக்கு, சொல்லுங்க பார்க்கலாம்” என்று மேனேஜர் ஒரு பழைய சர்க்யூட் போர்டை, வேலை கேட்டு வந்த அம்மாவின் முன்னால் தள்ளினார். ஓடிக்கொண்டிருக்கும்போதே தானாக நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கும் போர்டு அது. காலையில் வந்த நான்கு பேரும் அதனிடம் மண்ணைக் கவ்வியிருந்தார்கள்.

சோதித்துப் பார்க்க வைத்திருந்த மீட்டரைக்கூட அந்த அம்மா தொடவில்லை.

“சிப் திடீர்னு கரன்ட் கேட்டா உடனே குடுக்கத்தான் சார் கெபாசிட்டர். அதை சிப்பை ஒட்டி வைக்காம, எட்டையும் மூலையில வரிசையா நிக்க வெச்சிருக்காங்க. கரன்ட் வந்து சேர்றதுக்குள்ள சிப் நின்னுடுது. சர்க்யூட் படத்துல ஒரே மூலையில வரைஞ்சிருந்தா, போர்டுலயும் அப்படியேவா வைக்கறது? கொஞ்சம்கூட யோசிக்காத ஜென்மம்!”

அது மேனேஜரே போட்ட போர்டு என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. பக்கத்தில் இருந்த ஜூனியர் தொண்டையைச் செருமிச் சாடை காட்டினான். அந்த அம்மா கண்டுகொள்ளவில்லை.

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “படம் நான் வரைஞ்சது. மூலையிலதான் வரைஞ்சேன். ஆனா அதை உங்ககிட்ட காட்டவே இல்லையே?”

அந்த அம்மா போர்டைத் திருப்பி, ஓரத்தில் இருந்த இரண்டு சின்ன எழுத்துகளைக் காட்டினார்.

“என் இனிஷியல் சார். பத்து வருஷத்துக்கு முன்னாடி வீட்டுலயிருந்தே, உங்க படத்தைப் பார்த்து இந்த போர்டை டிசைன் பண்ணிக் குடுத்தேன். என்னோட முதல் போர்டு.”

“இதைச் சொல்லிட்டு வேலையும் கேக்கறீங்களா?”

“அந்த எட்டையும் அதது இடத்துல வைக்கணுமே சார், அதுக்குத்தான்.”