இடது பக்கத்துப் பிரேக்

பதினோரு வருடம் ஓடிய காருக்குப் பிரேக் பேடுகளை ஒரு தடவைகூட மாற்றவில்லை என்பது, ஏற்காட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள்தான் குருபாதத்துக்கு உறைத்தது. புதுப் பேடுகளை வாங்கிவந்து, வீட்டு வாசலிலேயே ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, சக்கரங்களைக் கழற்றினார். பழைய பேடுகளைக் கையில் எடுத்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு நூல்கூடத் தேயவில்லை. புதுசுக்குப் பக்கத்தில் வைத்தால் எது பழசு என்றே தெரியாது. இத்தனை வளைவு, இத்தனை லாரி, குறுக்கே ஓடிய இத்தனை ஆடு மாடு, எல்லாவற்றுக்கும் வண்டி நின்றிருக்கிறதே. பழசையே திரும்ப மாட்டிவிட்டு, கை துடைக்கத் துணி தேடி முன்னால் இடது கதவைத் திறந்தார். அவர் மனைவி பூரணி உட்காரும் இடம். எதிரே எது வந்தாலும் "பாத்துங்க" என்று வலது காலைக் கீழே அழுத்துவாள். "ஓட்டுறது நீயா, நானா?" என்று இவர் எரிந்து விழுவார். அவள் பாதம் பதியும் இடத்தில் ரப்பர் மேட் தேய்ந்து ஓட்டை விழுந்து, அடியில் இரும்புத் தகடு பளபளத்தது. தொட்டுப் பார்த்தார். காலையிலிருந்து நிழலில் நின்ற வண்டி, தகடு சுட்டது. புதுப் பேடு ஒன்றை எடுத்து ஓட்டையில் வைத்தார். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது.

பூரணி காபியோடு வந்தாள். "பிரேக்கு மாத்தியாச்சாங்க?"

"உன் பக்கம் மட்டும்தான் தேஞ்சிருந்துச்சு. மாத்திட்டேன்" என்றார் குருபாதம், டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு.