வெள்ளைக்காரப் பூட்டன்

மூன்றாவது தடவையும் லண்டன் விசா மறுக்கப்பட்ட அன்று, தனக்கு ஒரு வெள்ளைக்காரப் பூட்டன் இருந்தே ஆகவேண்டும் என்று ஸ்ரனிஸ்லஸ் முடிவு செய்தான்.

முல்லைத்தீவில் இறால் பிடிப்பவனுக்கு அப்படியொருவர் லேசில் கிடைப்பாரா? கிடைத்தார். இங்கிலாந்துக் கிராமமொன்றின் தேவாலயம் தன் பழைய பதிவேடுகளை இணையத்தில் போட்டிருந்தது. இரண்டு கிழமை கைபேசியைத் தடவித் தடவி ஸ்ரனிஸ்லஸ் ஓர் ஆளைத் தெரிந்தெடுத்தான். வில்லியம் ஹாப்ஸன். 1791இல் ஞானஸ்நானம். அதன்பிறகு கல்யாணப் பதிவும் இல்லை, அடக்கப் பதிவும் இல்லை.

“ஆள் கப்பலேறி இஞ்சதான் வந்திருக்கிறார்” என்றான் மனைவி கலிஸ்ராவிடம்.

“உங்கட மூக்கைப் பார்த்தா ஒருத்தரும் நம்பமாட்டினம்.”

“வெள்ளைக்கார வம்சமெண்டா விசா குடுப்பினமாம். மூக்கை ஆர் கேக்கினம்? பேப்பரைத்தான் கேப்பினம்.”

1818இல் ஹாப்ஸன் முல்லைத்தீவு அந்தோனியாளை மணமுடித்ததாக அவனே ஒரு பதிவேட்டுத் தாள் எழுதினான். குசினியில் தேத்தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயப்போட்டான். ஓரம் செல்லரித்ததுபோலத் தெரியட்டும் என்று ஆட்டிடம் நீட்டினான். ஆடு முழுத் தாளையும் தின்றுவிட்டது. இரண்டாவது தாளைத் தானே கடித்தான். மாங்குளத்தில் ஒரு றப்பர் முத்திரை செய்வித்துக் குத்தினான்.

“பிடிபட்டா மறியலுக்குள்ள கம்பி எண்ணவேண்டியதுதான்” என்றாள் கலிஸ்ரா.

“இருநூறு வருசத்துக்கு முந்தின ஆள். ஆர் வந்து சாட்சி சொல்லப்போகினம்?”

தாளின் படத்தை அந்தத் தேவாலயத்துக்கே அனுப்பி, தான் ஹாப்ஸன் வம்சம் என்று ஒரு கடிதம் தரும்படி கைபேசி எழுதிக்கொடுத்த ஆங்கிலத்தில் கேட்டான். மதிப்பாக இருக்கட்டும் என்று, பதில் போடவேண்டிய விலாசமாகத் தங்கள் பங்குக் கோயிலைக் கொடுத்தான்.

ஒன்றரை மாதத்தில் பங்குத்தந்தை இருவரையும் கூப்பிட்டனுப்பினார். நீளமான உறையொன்று வந்திருந்தது. பிரித்துப் பார்த்த ஸ்ரனிஸ்லஸுக்கு இங்கிலிஸ் ஓடவில்லை.

“தாரும், நான் வாசிக்கிறன்” என்று வாங்கிய ஃபாதர், நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார்.

“‘நீங்கள் அனுப்பிய தாள் பொய்யானது.’”

கலிஸ்ரா சிலுவை போட்டுக்கொண்டாள்.

“‘1818இல் ஹாப்ஸன் கல்யாணம் கட்டியிருக்க முடியாது. 1816இலேயே அவரைத் தூக்கில் போட்டுவிட்டார்கள்.’”

“என்ன குற்றமாம், ஃபாதர்?” ஸ்ரனிஸ்லஸ் கடிதத்தை எட்டிப் பார்த்தான்.

ஃபாதர் கடிதத்தில் விரலை ஓட்டினார்.

“கோயில் பதிவேட்டில நடக்காத கல்யாணத்தை எழுதினவராம்.”

கலிஸ்ரா புருஷனைப் பார்த்தாள். அவன் நிலத்தைப் பார்த்தான். ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசி வரியை வாசித்தார்.

“‘ஆனாலும், நீங்கள் அவருடைய வம்சம்தான் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.’”