நாற்காலிக்கு நேரே ஒரு பச்சைத் திட்டு

ஒரு கண்ணாடித் தொட்டியில் கொஞ்சம் உப்புநீர் இருந்தது. அதைக் கடல் என்று சொன்னால் கடல் கோபித்துக்கொள்ளும். அங்கே ஒரு பவளத்தைப் பாசி மூடிக்கொண்டே வந்தது. அதைக் காப்பாற்றியே தீருவதென்று ஒரு நத்தை கங்கணம் கட்டிக்கொண்டது. (கங்கணத்துக்குக் கை வேண்டுமே என்று கேட்காதீர்கள்.)

ஆனால் நத்தை பவளத்தையும் கண்ணாடியையும் மேய மேயப் பாசி வளர்ந்தது.

"அக்கா, இப்படியே போனா நான் வெறுங்கல்லுதான்," என்றது பவளம்.

நத்தை நிமிர்ந்து பார்த்தது. முன் கண்ணாடியில் கோமாளி மீன் நெளிந்து நெளிந்து ஆடியது. எதிரே நாற்காலியில் இருந்த மனிதர் உருகிப்போய் இன்னொரு சிட்டிகை தீனி தூவினார். மீன் பாதியைத் தின்றது. மீதி அடியில் மக்கிப் பாசிக்கு உரமானது.

"ஏன்டா தம்பி, இப்பத்தானே தின்னே?"

"பசிச்சாத்தான் ஆடணுமா? இது கலை அக்கா!"

அன்றிலிருந்து நத்தை முன் கண்ணாடியை விட்டுவிட்டுப் பவளத்தை மட்டும் மேய்ந்தது. கண்ணாடியில் பச்சைத் திரை விழுந்தது. தொட்டியைத் துடைப்பது நத்தையின் வேலை என்பது மனிதரின் கொள்கை. ஆட்டம் கண்ணில் படாததால், காலையில் ஒரு வேளை தூவுவதோடு அவர் நிறுத்திக்கொண்டார். பாசி இளைத்தது. பவளம் மெல்ல விரல் நீட்டியது.

பிறகு நத்தை கண்ணாடியையும் மேய்ந்தது. நாற்காலிக்கு நேரே மட்டும் ஒரு திட்டு மிஞ்சியது.

"அக்கா, இங்கே விட்டுட்டியே!" என்று பதறியது மீன்.

"அது கலை, தம்பி," என்றது நத்தை.