நாற்காலிக்கு வால்

ஓர்ஸ் ஹில் என்னும் குன்றின் அடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில், மூன்றாம் வகுப்பு ஜன்னல் வழியே துறைமுகத் தண்ணீரில் பட்ட வெயில் உள்கூரையில் நெளிகிறது. பல்கீஸ் டீச்சர் இந்தியாவிலிருந்து வந்த கதைப்புத்தகத்தைப் படம் தெரியாமல் தன் பக்கமாகவே பிடித்தபடி, முதல் வரியை மட்டும் வாசித்திருக்கிறார்: "மழையில் ஒரு நாற்காலி தனியாக நின்றது." கேட்டதைப் பிள்ளைகள் வரைய வேண்டும். பென்சில்கள் கரகரக்கின்றன. அஞ்சலினாவின் தாளில் நான்கு காலும் நனைந்த வாலும் சோகக் கண்ணுமாக ஒரு மிருகம் நிற்கிறது. "ஐயோ, நாற்காலி எண்டா நாங்க இருக்கிற கதிரையெல்லோ!" என்று பக்கத்துச் சஜீத் கத்த, வகுப்பே சிரிக்கிறது. அவள் கை அழிறப்பரைத் தேடுகிறது. அதற்குள் டீச்சரின் விரல்கள் அந்த றப்பரை மூடிக்கொள்கின்றன. "அழிக்காதீங்க மகள். இது என்ன தின்னும்?" அஞ்சலினா மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசிக்கிறாள். "ஒண்டும் தின்னாது டீச்சர். ஆராவது முதுகில ஏறி இருந்தாப் பசி போயிடும்." சிரிப்பு நின்றுவிடுகிறது. தூரத்தில் ஒரு கப்பல் ஊதுகிறது. புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இப்படியொரு வரி இல்லை என்பது டீச்சருக்குத் தெரியும். "அதை அப்பிடியே எழுதுங்க" என்கிறார். பிறகு மேசைக்குத் திரும்பி, காலையிலிருந்து வெறுமையாய் நிற்கும் தன் கதிரையில், அதற்கு நோகாமல், மெல்ல ஏறி அமர்கிறார்.