குளவி டப்பா

நீங்களே சொல்லுங்கள், துவைக்கப் போட்ட புருஷன் சட்டைப் பையில் குளவிக் கூட்டு மண் இருந்தால் என்ன நினைப்பீர்கள்?

சும்மா ஒட்டியிருந்த மண் இல்லை. மிட்டாய் டப்பாவில், பஞ்சு வைத்து, பத்திரமாக. உள்ளே பட்டாணி அளவில் நாலைந்து உருண்டைகள்.

துவைக்கிறதை அப்படியே போட்டுவிட்டேன்.

காரணம், எங்கள் விமானம். என் புருஷன் வெண்டல் வருஷக்கணக்காக வீட்டுக் கார் கொட்டகையில் வைத்துத் தன் கையாலேயே கட்டியது. இரண்டு இறக்கையிலும் ஒவ்வொரு பெட்ரோல் டேங்க். இரண்டிலும் பெட்ரோல் சேர்ந்தே இறங்க வேண்டும். இந்தக் கோடையில் இடது டேங்க் மட்டும் மளமளவென்று குறைகிறது. வலது அசையாமல் நிற்கிறது.

"ரெண்டும் ஒண்ணா இறங்குற வரைக்கும் நம்ம பாப்பா ஜூனி அதுல ஏறமாட்டா" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை என் தங்கை குழந்தைக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தாய். விமானம் இல்லையென்றால் நாள் முழுக்கக் காரில் போக வேண்டும், பின் சீட்டில் பல் முளைக்கிற ஜூனி கத்தக் கத்த.

இதற்கு நடுவில் ஆர்லோ. விமானத் திடலில் எங்களுக்கு அடுத்த கொட்டகைக்காரர். எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் பாதி வயலுக்கு வானத்திலிருந்து மருந்து தெளித்தவர். பக்கவாதம் வந்து வலது கால் இழுத்துக்கொண்டதும், இனிமேல் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் விமானத்தைத் திட்டுவதுதான் அவர் வேலை.

"ஏண்டா வெண்டல், இது விமானமா, துணி துவைக்கிற மெஷினா?" நான் சுட்ட லவங்கப்பட்டை ரொட்டியை வாயில் அடக்கிக்கொண்டே கேட்பார். "வலது மூடியில காத்துக்குழாய் அடைச்சிருக்கும். காத்து உள்ள போகலைன்னா பெட்ரோல் எப்படிடா இறங்கும்?"

வெண்டல் ஏணி போட்டு ஏறுவான். மூடியைத் திருகி எடுத்து, கம்பியால் குடைந்து, ஒரு மண் உருண்டையை உயர்த்திக் காட்டுவான்.

"ஆமா ஆர்லோ! குளவி கூடு கட்டியிருக்கு!"

"நான் சொல்லலை?" ஆர்லோவுக்கு முகமெல்லாம் பல். "நகரு. சரியாச்சான்னு நானும் வந்து பார்க்கிறேன்."

இரண்டு பேரும் ஒரு சுற்று போய்விட்டு வருவார்கள். இறங்கிப் பார்த்தால் மறுபடி இடதுதான் குறைந்திருக்கும். மறுநாள் மறுபடி குளவி.

அடேயப்பா, என்ன சுறுசுறுப்பான குளவி என்று நினைத்திருந்தேன். அது மிட்டாய் டப்பாவில் குடியிருப்பது இப்போதுதானே தெரிகிறது!

ஜூனியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேரே விமானத் திடல் கொட்டகைக்குப் போனேன். டப்பாவை வெண்டல் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"என்ன இது? நீயே அடைச்சு வச்சிட்டு நீயே எடுக்கிறியா? பிள்ளை ஏறப்போற விமானத்துல?"

அவன் காது சிவந்துவிட்டது. "ஐயோ, அடைக்கலை கார்லா. குழாய் சுத்தமாத்தான் இருக்கு. உருண்டையைக் கைக்குள்ள வச்சுக்கிட்டு, எடுக்கிற மாதிரி காட்டுறேன்."

"அப்போ இடது மட்டும் ஏன் குறையுது?"

"நீ ஏறு. காட்டுறேன்."

ஜூனியைத் திடல் காபிக் கடை ஷெல்லியிடம் கொடுத்துவிட்டு ஏறினேன். ஏரியைச் சுற்றிவிட்டு இறங்கினோம். நானே ஏணியில் ஏறி, இரண்டு டேங்கிலும் அளவுக் குச்சியை விட்டுப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே அளவு நனைந்திருந்தது.

"ஆர்லோ உட்கார்ந்தா மட்டும் எப்படிடா மாறும்? அவ்வளவு கனமா அந்த மனுஷன்?"

வெண்டல் வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அவர் சும்மா உட்கார்றதில்ல. மேல போனதும் அவர்தான் ஓட்டுறார்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவனே தொடர்ந்தான்.

"ஏத்துறது இறக்குறது நான்தான், பயப்படாதே. இந்த விமானத்துக்கு மூக்கு இடப்பக்கமே இழுக்கும். வலது காலால மிதிச்சுப் பிடிக்கணும். அவர் மிதிக்கிறதாத்தான் நினைச்சுக்கிறார். கால் அசையுறதே இல்லை. விமானம் ஒருக்களிச்சே போகுது. சாய்ச்ச தட்டுல சூப் ஓடுற மாதிரி, பெட்ரோல் வலது பக்கமா ஒதுங்கிடுது. அதான் இடது மட்டும் தீருது."

"உன் பக்கமும் மிதி இருக்கே? நீ மிதிச்சா என்ன?"

"மிதிச்சா அவருக்குத் தெரிஞ்சிடும் கார்லா. அதோட இறங்கிடுவார். அப்புறம் ஏறவே மாட்டார்."

வெளியே ஊன்றுகோல் சத்தம். கூடவே ஒரு காலை இழுக்கிற சத்தம்.

"என்னடா பசங்களா, இன்னிக்கும் இடது காலியா?" ஆர்லோ உள்ளே வரும்போதே ஆரம்பித்துவிட்டார். "இவன் கட்டின லட்சணத்துக்கு, ஞாயித்துக்கிழமை நீ கார்லயே போயிடு பொண்ணே!"

டப்பாவை முதுகுக்குப் பின்னால் வெண்டல் கையில் திணித்தேன்.

"வலது மூடியில மறுபடி குளவி ஆர்லோ. இவன் ஒருத்தனை நம்பி நான் பிள்ளையை ஏத்தமாட்டேன். நாங்க கிளம்புறதுக்கு முன்னாடி நீங்க ஒரு சுத்து கூடப் போய்ப் பார்த்துச் சொல்லுங்களேன்!"